சமையல் மேடையின் சமூக வரலாறு

வரலாற்று நூல்களைப் புரட்டுவோர் அவற்றிலே அரண்மனைகளைக் காண்பர். கோயில்களையும் கோட்டைகளையும் காண்பர். அவற்றைக் கட்டுவித்தோரின் பெயர்களையும் காண்பர். அடுப்படியைக் காண்பது அரிது. நாள்தோறும் மிகுதியான மனித உழைப்புச் செலவாகும் இடங்களுள் ஒன்று, வீட்டின் பின்புறத்தில், புகை படிந்த சுவர்களுக்கிடையே, வரலாற்றாசிரியர்களின் கண்ணிற் படாமலே கிடந்துள்ளது. அங்கு நடப்பது உழைப்பு என்று கொள்ளப்படாமையே இதற்குக் காரணம். கூலி கொடுக்கப்படாத உழைப்பு கணக்கில் வருவதில்லை. கணக்கில் வராதது வரலாற்றிலும் வருவதில்லை.

ஒரு சிறு பொருளைத் துணைக்கொண்டு இந்த மறைந்த வரலாற்றினுள் நுழைந்து பார்ப்போம். கழுவுதொட்டியுடன் சேர்த்து ஒரே பாளமாக வார்க்கப்படும் கொங்கிறீற்றுச் சமையல் மேடையே அப்பொருள். சில பலகைகள், ஒரு மூடை சீமெந்து, மணல், சல்லி, கம்பி, நீர் ஆகியன இருந்தால் ஒரு குடும்பத்தவர் தம் வீட்டு முற்றத்திலேயே அதனைச் செய்துகொள்ளலாம். இன்று பல நாடுகளிற் பலர் செய்துகொள்கின்றனர். அந்த மேடை எவ்வளவு உயரத்தில் அமையவேண்டும், தொட்டி எவ்விடத்தில் இருக்கவேண்டும், அதன் முன் நிற்பவர் யார் என்ற கேள்விகள் மிகச் சாதாரணமானவையாகத் தோன்றலாம். ஆயினும், அவற்றுக்கு அளிக்கப்பட்ட விடைகள் ஒவ்வொரு காலத்திலும் அளந்தவர் யார், உழைத்தவர் யார் என்பதை நமக்குக் காட்டிக்கொடுக்கின்றன.

தோட்டக்காரரின் தொட்டி

கொங்கிறீற்று என்றதும் அணைக்கட்டுகளும் பாலங்களும் வானளாவும் மாடங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அது பேரரசுகளின் பொருளாகவும் பெருமுதலின் பொருளாகவும் தோன்றுகிறது. உரோமர் சுண்ணாம்புடன் எரிமலைச் சாம்பலைக் கலந்து துறைமுகங்களையும், 43 மீற்றர் அகலமுள்ள பந்தியோன் கோயிற் குவிமாடத்தையும் எழுப்பினர் என்பது உண்மையே. ஆனால், இன்று நாம் கையாளும் சீமெந்தும் கம்பியிட்ட கொங்கிறீற்றும் அரண்மனைகளிற் பிறந்தவை அல்ல. கொத்தரின் பட்டறையிலும் தோட்டக்காரரின் கொட்டிலிலுமே அவை பிறந்தன.

1750களின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் எடிஸ்ரன் பாறையில் வெளிச்சவீடு கட்டிய ஜோன் ஸ்மீற்றன், களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டெடுத்தால் அச்சுண்ணாம்பு நீருக்கடியிலும் இறுகும் என்பதைக் கண்டார். 1824 இல் லீட்ஸ் நகரத்துக் கொத்தரான ஜோசப் அஸ்ப்டின், சுண்ணாம்பையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இறுகியபின் அது போர்ட்லண்ட் தீவின் கட்டடக் கல்லை ஒத்திருக்கும் எனக் கருதி, ‘போர்ட்லண்ட் சீமெந்து’ என்று அதற்குப் பெயரிட்டார். அதனை மேலும் உயர்ந்த வெப்பத்திற் சுட்டு இன்றைய வலிமைக்குக் கொண்டுவந்தவர்கள் அவருக்கு அடுத்த தலைமுறையினர். 1854 இல், இரும்பைச் சேர்த்துக் கொங்கிறீற்றுத் தளம் அமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற வில்லியம் வில்கின்சன், நியூகாசில் நகரிற் சாந்து பூசும் தொழிலில் இருந்தவர்.

இவர்களுள் நம் கதைக்கு மிக அண்மையானவர் பிரான்சு நாட்டின் ஜோசப் மொனியர். 1823 இற் பிறந்த இவர் பொறியியலாளர் அல்லர். பாரிசின் துய்லரி அரண்மனைத் தோட்டத்தில் வேலை பார்த்த தோட்டக்காரர். அங்கே தோடை மரங்கள் தொட்டிகளில் வளர்க்கப்பட்டன. குளிர்காலத்தில் அவற்றை உள்ளே கொண்டுசெல்லவேண்டும். கோடையில் மீண்டும் வெளியே கொண்டுவரவேண்டும். மரத்தொட்டிகள் ஈரத்தில் உக்கின, மண்தொட்டிகள் உடைந்தன. நாள்தோறும் தொட்டி சுமந்த மனிதரே இதற்கு மாற்றுத் தேடினார். இரும்புக் கம்பியால் வலை பின்னி அதனைச் சீமெந்துச் சாந்தினாற் பொதிந்தார். 1867 இல் அவர் பெற்ற காப்புரிமை, தோட்டத்துக்கான பெயர்த்துக் கொண்டுசெல்லக்கூடிய பெட்டிகளையும் தொட்டிகளையும் பற்றியதாகும். அதற்கு முன்பே தென்பிரான்சில் லம்போ என்பவர் இதேபோன்ற முறையிற் படகு ஒன்றைச் செய்து, 1855 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் வைத்திருந்தார். ஆயினும் குழாய், தட்டு, பாலம், உத்திரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காப்புரிமைகளைப் பெற்று அம்முறையை உலகறியச் செய்தவர் மொனியரே.

ஆக, கம்பியிட்ட கொங்கிறீற்றின் முதற் பொருள்களுள் ஒன்று நீரேந்தும் தொட்டியே. குசினியிலுள்ள கழுவுதொட்டி இன்றைய நாகரிகத்தின் புதுமை அன்று. அது அந்தத் தோட்டக்காரரின் தொட்டிக்கு உடன்பிறப்பு.

அதன் பின்னர் நடந்தது, கைத்தொழிற் புரட்சிக் காலம் முழுவதும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்த ஒன்றாகும். மொனியரின் உரிமைகளை ஜேர்மன் தொழில் நிறுவனங்கள் விலைக்கு வாங்கின. அவருடைய பெயரைத் தாங்கிய கட்டடமுறை ஐரோப்பாவிற் பரவியது. 1888 இல் மொனியர் தொழில் நொடித்துத் திவாலானார். 1906 இல் இறந்தார். கையால் உழைத்தவர் கண்டதை, மூலதனம் கணக்கிட்டுத் தனதாக்கிக்கொண்டது. எனினும், அந்தக் கணக்கையும் நாம் புறக்கணித்துவிட முடியாது. கைப்பழக்கம் கண்டதை அறிவியல் விளக்கியபோதே அது எவரும் கற்கக்கூடியதாயிற்று. இவ்வுண்மை, மேடையைச் செய்யும் முறையை நோக்கும்போது தெளிவாகும்.

அச்சு கற்பிக்கும் பாடம்

மேடை பெரும்பாலும் தலைகீழாகவே வார்க்கப்படுகிறது. மேசைமீது வழவழப்பான பலகையைப் பரப்பி, சுற்றிலும் சட்டம் அடித்து, தொட்டி வரவேண்டிய இடத்தில் அதன் உட்குழிவின் வடிவங்கொண்ட கட்டை ஒன்றை நிறுத்துவர். பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பக்கமே பின்னர் மேற்பரப்பாகும். பலகையில் ஒரு சிறு கீறல் இருப்பினும் அது மேடையிற் பதிந்துவிடும். தொட்டியின் அடி, நீர் வடியும் துளையை நோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும்; மூலைகள் வளைந்திருத்தல் வேண்டும். இல்லையேல் அழுக்கு அங்கே தங்கும்; கழுவுபவரின் கை அதனைச் சுரண்டிக்கொண்டே இருக்கவேண்டி வரும். அச்சினைச் செய்யும்போது நேர்ந்த ஒரு மணிநேர அலட்சியத்துக்காக, மற்றொருவர் பல ஆண்டுகள் உழைக்கநேரிடுகிறது.

கம்பியை எங்கே வைப்பது? பாளத்தின்மீது பாரம் அழுத்தும்போது அதன் மேற்பகுதி நெருக்குண்கிறது; கீழ்ப்பகுதி இழுபடுகிறது. கொங்கிறீற்று நெருக்குதலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இரும்பே இழுப்பைத் தாங்கவேண்டும். 1880களில் ஜேர்மன் பொறியியலாளர் மத்தியாஸ் கோனன் இதனைக் கணக்கிட்டு, கம்பி இழுபடும் பகுதியிலேயே இருக்கவேண்டும் என நிறுவினார். மேடையைத் தலைகீழாக வார்ப்பவர் கம்பியின் இடத்தையும் தலைகீழாகவே எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள ஒடுங்கிய கீற்றுகளே மேடையின் மிக நலிந்த பகுதிகள். துளையின் மூலைகளிலிருந்தே வெடிப்பு ஓடத் தொடங்கும். ஆதலால் அவ்விடங்களுக்குத் தனிக் கம்பி இடுவர்.

ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மணலும் மூன்று பங்கு சிறுசல்லியும் என்பது பலரும் அறிந்த கலவை. நீரின் அளவிலேதான் பலர் தவறுகின்றனர். நீர் கூடினாற் கலவை இலகுவாக ஓடும், வேலையும் இலகுவாகும். ஆனால், சீமெந்துக்கு நீர் எவ்வளவுக்கெவ்வளவு மிகுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு வலிமை குறையும் என்பதை, 1918 இற் சிக்காகோவில் டஃப் ஏப்ரம்ஸ் பல சோதனைகளினால் நிலைநாட்டினார். சீமெந்தின் நிறையில் ஏறத்தாழப் பாதியளவுக்கு மேல் நீர் சேராதிருத்தல் நலம். மேலும், சீமெந்து ‘காய்வதால்’ இறுகுவதில்லை. நீருடன் இரசாயன முறையிற் சேர்ந்தே இறுகுகிறது. ஆகையால் வார்த்த பாளத்தை ஈரச் சாக்கினால் மூடி ஒரு வாரமாவது நனைத்து வைப்பர். அதன் வலிமையை 28 ஆம் நாளில் அளப்பது வழக்கம்.

180 சென்ரிமீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் 4 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள பாளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீற்றர் கொங்கிறீற்று ஏறத்தாழ 2,400 கிலோகிராம் நிறையுடையது. இக்கணக்கின்படி அப்பாளம், தொட்டியைச் சேர்க்காமலே, 104 கிலோகிராம் வரும். அதனைத் தனியொருவர் புரட்ட முடியாது. அயலவர் நால்வரை அழைத்தே தீரவேண்டும். ‘வீட்டிலேயே செய்தது’ என்று நாம் சொல்லும் பொருளும், உண்மையில், பலரின் கைபட்டு எழுந்ததே.

இக்கலவை கைகளுக்குத் தீங்கு செய்வது என்பதையும் மறைத்தலாகாது. ஈரச் சீமெந்து காரத்தன்மை மிக்கது, தோலை அரிக்கும். அதிலுள்ள குரோமியம் கொத்தர்களின் கைகளில் ஆறாத சொறியை உண்டாக்கி வந்தது. சீமெந்தில் அந்தக் குரோமியத்தின் அளவைச் சட்டத்தினாற் கட்டுப்படுத்தும் விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 இலேயே நடைமுறைக்கு வந்தது. அஸ்ப்டின் காப்புரிமை பெற்று 181 ஆண்டுகள் கடந்தபின்னரே கொத்தரின் கைத்தோல் சட்டத்தின் கண்ணிற் பட்டது.

மணிக்கூடும் குசினியும்

பொருளின் வரலாற்றைப் பார்த்தோம். இனி, அதன் முன் நின்று உழைத்தவரின் வரலாற்றுக்கு வருவோம்.

குசினியை ஒரு வேலைத்தலமாகக் கருதி ஆராயும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவிலே தெளிவாகத் தோன்றியது. 1869 இற் கதரின் பீச்சரும் அவருடைய சகோதரி ஹரியற் பீச்சர் ஸ்ரோவும் வெளியிட்ட நூலில், நீராவிக் கப்பலின் சமையலறை முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. சிறிய இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் இருப்பதனாலே அங்கு ஒருவர் பலருக்குச் சமைக்க முடிகிறது. அவ்வாறே வீட்டிலும் வேலைத்தட்டையும் கழுவுதொட்டியையும் ஒருங்கே அமைக்கவேண்டும் என்றனர். வேலையாட்கள் இன்றித் தாமே உழைக்கும் பெண்களை முன்னிறுத்தியே அவர்கள் சிந்தித்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொழிற்சாலைத் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் மணிக்கூட்டினால் அளந்த பிரெடரிக் ரெயிலரின் முறை வீட்டுக்குள்ளும் புகுந்தது. கிறிஸ்ரின் பிரெடரிக் என்பவர் 1912 இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில், பாத்திரம் கழுவும்போது எடுத்துவைக்கும் அடிகள் எத்தனை, தட்டின் உயரம் சரிதானா என்றெல்லாம் கணக்கிட்டார். நிலத்தை நோக்கிக் குனிந்த முதுகுக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை அவர் காட்டியது முன்னேற்றமே. ஆயின், தொழிற்சாலையில் மிச்சமான நேரம் முதலாளிக்குச் சென்றது. வீட்டில் மிச்சமான நேரம் யாருக்குச் சென்றது? 1929 இல் அதே ஆசிரியை வெளியிட்ட நூல், இல்லத்தரசிகளிடம் பொருள்களை விற்பது எவ்வாறு என வணிகர்களுக்குக் கற்பிப்பதாக அமைந்தது. அளவுகோல் சந்தையின் கைக்கு மாறியதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே ஆண்டில் லிலியன் கில்பிரெத் என்ற பெண் பொறியியலாளர், புரூக்ளின் நகர எரிவாயு நிறுவனம் ஒன்றிற்காகக் குசினி மாதிரி ஒன்றை அமைத்தார். மேடையின் உயரம் அதில் வேலை செய்யும் பெண்ணின் உயரத்துக்கேற்ப அமையவேண்டும் என்பது அவருடைய கருத்து. பிற்காலத்தில், தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்ட அமெரிக்க அலுமாரிகள் அக்கருத்தை ஏற்கவில்லை. 36 அங்குலம், அதாவது ஏறத்தாழ 91 சென்ரிமீற்றர், என்பதே பொதுவிதியாயிற்று. உயரமானவளும் குள்ளமானவளும் ஒரே மேடைக்குத் தம் முதுகைப் பழக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

வியன்னாவின் குடியேறிகள்

மேடையை அளப்பதும் வார்ப்பதும் உழைப்பவர்களின் கையிலேயே இருந்த காலம் ஒன்றும் உண்டு. அதனைக் காண முதலாம் உலகப்போர் முடிந்த வேளையில் வியன்னா நகருக்குச் செல்லவேண்டும்.

பேரரசு உடைந்தது. உணவில்லை, விறகில்லை, போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வீடில்லை. பட்டினியில் வாடிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் ஓரத்து நிலங்களில் தாமாகவே குடியேறின. தோட்டம் செய்தன, கிடைத்த பலகைகளாற் கொட்டில் போட்டன. சிதறி நின்ற இவர்கள் விரைவிலேயே கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுதிரண்டனர். 1921 இல் பெருந்திரளாக நகரமண்டபத்தின் முன் கூடி, நிலமும் கட்டடப் பொருளும் கோரினர். சோசலிசத் தத்துவஞானியான ஓற்றோ நொய்ராத் அவர்களின் அமைப்பை வழிநடத்தினார். கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லோஸ் நகரசபையின் குடியேற்ற அலுவலகத்திற் பணிபுரிந்தார்.

இக்குடியேற்றங்களில் வீடு பெற விரும்பியவர் பணத்தை மட்டுமன்றி உழைப்பையும் செலுத்தவேண்டும். ஆண்களும் பெண்களுமாக ஆயிரம் மணிநேரத்துக்கும் மேலாக உழைத்தனர். மண் வெட்டினர், கல் சுமந்தனர், சில இடங்களிற் கட்டடக் கற்களையும் தாமே வார்த்தனர். எந்த வீடு யாருக்கு என்பது முன்கூட்டியே தெரியாத இடங்களும் உண்டு. ஆதலால் ஒவ்வொருவரும் மற்றவரின் வீட்டைத் தமது வீடாகவே எண்ணிக் கட்டினர். போரின் பின் தொழிலாளர் வென்றெடுத்த எட்டு மணிநேர வேலைநாளே இவ்வுழைப்புக்கு நேரம் தந்தது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இவ்வியக்கத்திலே பணியாற்றிய இளம்பெண் மார்கரெட் லிஹொட்ஸ்கி. 1897 இற் பிறந்து, கட்டடக் கலையைத் தொழிலாகக் கொண்ட முதல் ஒஸ்திரியப் பெண்களுள் ஒருவரானவர். 1922, 1923 ஆம் ஆண்டுகளையொட்டி, குடியேறிகளின் வீடுகளுக்காக அவர் ஒரு சமையல், கழுவும் அலகை வடிவமைத்தார். அது கொங்கிறீற்றினால் ஆனது. அச்சிலே முன்கூட்டி வார்த்து வீட்டிலே பொருத்துவது என்பதே அவருடைய எண்ணம். கொங்கிறீற்று நீருக்கு உக்காது. ஒரே அச்சு பல வீடுகளுக்கு உதவும். மொனியர் அரசனின் தோடை மரத்துக்காகச் செய்த தொட்டி, அரைநூற்றாண்டு கழித்து, வீடற்ற தொழிலாளியின் குசினிக்கு வந்து சேர்ந்தது. 1923 இல் வியன்னா நகரமண்டபத்தின் முன்றலில் நடைபெற்ற குடியேறிகளின் கண்காட்சியில் முழு அளவிலான வீடுகள் கட்டிக் காட்டப்பட்டபோது, பல்லாயிரக்கணக்கானோர் அவற்றைப் பார்த்தனர்.

இவ்வியக்கத்தை மிகைப்படப் புகழ்வதும் தவறு. பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்தவன் மாலையிலும் ஞாயிறிலும் கல் சுமக்கவேண்டியிருந்தமை, சமுதாயம் செய்யவேண்டிய கடமையைத் தனிமனிதனின் முதுகில் ஏற்றியதேயாகும். 1923 இன் பின்னர் வியன்னாவின் சோசலிச நகராட்சி செல்வரிடம் வீட்டுவரி அறவிட்டு, மாடிக் குடியிருப்புகளைத் தானே கட்டத் தொடங்கியது. 1934 அளவில் 60,000 இற்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அது பெரும் வெற்றி. எனினும், அச்சைச் சுற்றிக் கூடிநின்று ‘இவ்வளவு உயரம் போதுமா?’ என்று கேட்ட குரல் அதிலே தணிந்துபோயிற்று.

பிராங்பேர்ட்டின் வெற்றியும் வரம்பும்

1926 இல் லிஹொட்ஸ்கி ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகருக்கு அழைக்கப்பட்டார். ஏர்ன்ஸ்ற் மை என்பவரின் தலைமையில் அந்நகரசபை பெருந்தொகையான வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தது. பிரவுன்ஹைம் குடியிருப்பின் ஒரு பகுதியிற் சுவர்களும் தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற்றுப் பாளங்களாகவே வந்திறங்கின. அவ்வீடுகளுக்காக அவர் வடிவமைத்ததே வரலாற்றிற் ‘பிராங்பேர்ட் குசினி’ எனப் பெயர் பெற்றது. 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமுமே அதன் அளவு. புகைவண்டியின் உணவுப்பெட்டிக் குசினி அதன் முன்மாதிரி. யன்னலோரம் வேலைத்தட்டு, இருந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி, கழுவிய தட்டுகள் தாமே வடியத் தொட்டியருகே சட்டம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அடுத்த அறைக்குத் தள்ளுகதவு என ஒவ்வொன்றும் அளந்து அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் இக்குசினி இடம்பெற்றது.

அவருடைய நோக்கம் ஐயத்துக்கிடமற்றது. தொழிலுக்குச் செல்லும் பெண்ணின் நேரத்தை மீட்டுக்கொடுப்பதே அது. அக்குசினியை வரைந்த காலத்தில் தமக்குச் சமைத்துப் பழக்கமே இல்லை என்பதைப் பிற்காலத்தில் அவரே மனந்திறந்து கூறினார். இங்கேதான் வரம்பு தோன்றுகிறது. அக்குசினியில் ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யமுடியும். கணவன் வந்து தட்டுத் துடைக்க இடமில்லை. மகன் வந்து மரக்கறி நறுக்க இடமில்லை. அடிகள் குறைந்தன, தனிமை கூடியது. வேலை ஒருத்தியுடையதே என்ற முடிவு, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, சுவரின் அளவாக நிலைபெற்றுவிட்டது. 1970களின் பெண்ணுரிமை இயக்கத்தினர் இதனைச் சுட்டிக்காட்டினர். மேலும், அவ்வீடுகளின் வாடகை குறைந்த கூலி பெற்ற தொழிலாளருக்கு எட்டாததாகவே இருந்தது.

ஆயினும், இக்குறைகளை எடுத்துக் கூறுவோர் அப்பெண்மணியின் வாழ்வை மறந்துவிடலாகாது. 1930 இல் அவர் மையின் குழுவினருடன் சோவியத் நாட்டுக்குச் சென்று புதிய நகரங்களுக்காக உழைத்தார். 1939 இல் ஒஸ்திரியக் கம்யூனிஸ்ற் கட்சியிற் சேர்ந்தார். துருக்கியிற் பாதுகாப்பாக வாழ்ந்திருக்கக்கூடிய அவர், நாசிகளுக்கு எதிரான இரகசியப் பணிக்காக வியன்னா திரும்பினார். 1941 இற் கைதானார். பதினைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1945 இல் நாசிசம் வீழ்ந்தபோதே விடுதலை பெற்றார். போருக்குப் பின்னர் அவருடைய சொந்த நாடு, அவர் கம்யூனிஸ்ற் என்பதால், அவருக்கு அரச வேலைகளை அரிதாகவே கொடுத்தது. 2000 ஆம் ஆண்டு, தமது 103 ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்க, அவர் மறைந்தார்.

செல்வரின் மேடை

1980களில் நம் கொங்கிறீற்று மேடை மீண்டும் தலைகாட்டியது, இம்முறை கலிபோர்னியாவில். ஃபூ-துங் செங் போன்ற வடிவமைப்பாளர்கள் நிறமூட்டிய கொங்கிறீற்றில் மேடையும் தொட்டியும் வார்த்தனர். 2002 இல் அவர் வெளியிட்ட நூல், வீட்டிலிருப்போர் தாமே அவற்றைச் செய்யும் முறையைப் பரப்பியது. தம் கையால் ஒரு பொருளைச் செய்யவேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு இயல்பானது. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் தன் உழைப்பின் பயனைக் காணாதவன், ஓய்வுநாளில் முற்றத்திற் சாந்து குழைத்து அதனைத் தேடுகிறான். அது மதிக்கத்தக்கதே. ஆனால், வீடற்றவரின் சிக்கனத்துக்காகக் கையாளப்பட்ட பொருள், நாளடைவிற் செல்வர் வீட்டின் ஆடம்பரமாயிற்று. கருங்கல்லைவிட அதிக விலை கொடுத்தும் அதனை வாங்கினர்.

மேடையின் பளபளப்புக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கின்றார். கொங்கிறீற்றை உலர்ந்த நிலையிற் தேய்க்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுப்பது. செல்வர் விரும்பும் செயற்கைக் கல்மேடைகளில் இத்தூசி மிகப் பன்மடங்கு. அக்கல்லை வெட்டிய இளந் தொழிலாளர் பலர் சிலிக்கோசிஸ் நோய்க்கு இரையாகினர். தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டத்தின் பின், 2024 ஜூலை 1 முதல் அவுஸ்திரேலியா அதனைத் தடைசெய்தது. உலகில் வேறெந்த நாடும் அதற்கு முன் அவ்வாறு செய்யவில்லை. மேடையில் முகம் பார்ப்பவர், அதில் ஒரு தொழிலாளியின் மூச்சையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எமது கல்லும் எமது நீரும்

இவ்வரலாறு எமக்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லையும், முருங்கனிலிருந்து புகைவண்டியில் வந்த களிமண்ணையும் சேர்த்து, 1950 இற் காங்கேசன்துறையிற் சீமெந்து உற்பத்தி தொடங்கியது. அஸ்ப்டினின் இரு பொருள்களும் எம் மண்ணிலேயே கிடைத்தன. நான்கு தசாப்தங்கள் நாட்டின் வீடுகளுக்குச் சீமெந்து தந்த அத்தொழிற்சாலை, 1990 இற் போரினால் மூடப்பட்டது.

அந்தச் சுண்ணாம்புக் கல்லுக்கு இன்னொரு பணியும் உண்டு. வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில், மழைநீரைத் தன் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் தேக்கிக் கிணறுகளுக்கு ஊட்டுவது அக்கல்லே. தொட்டியைத் தரும் கல்லும் தொட்டிக்கு நீரைத் தரும் கல்லும் ஒன்றே. ஒன்றை அளவின்றி அகழ்ந்தால் மற்றொன்று கெடும்.

நீர் என்றவுடன் மற்றொரு கேள்வி எழுகிறது. கழுவுதொட்டி நீரில்லாமற் பயன்படாது; நீரோ எம் சமூகத்தில் எல்லோர்க்கும் ஒரே வழியில் வந்ததில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் கிணற்றில் தாமே அள்ளும் உரிமையின்றி, குடத்துடன் காத்துநின்று, பிறர் வார்க்கப் பெற்றுச் சென்ற காலத்தைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உளர். 1957 இற் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டபின்னும், 1960களின் பிற்பகுதியில் மக்கள் தெருவில் இறங்கிப் போராடவேண்டியிருந்தது. காத்துநின்றவர்களிற் பெரும்பாலோர் பெண்கள் என்பதை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

எமது அடுப்படியில் அம்மி, துருவலை, அரிவாள் எல்லாம் நிலத்தோடு நிலமாயிருந்தன. குந்தியிருந்தும் குனிந்தும் செய்த வேலை, சீமெந்து மேடை வந்தபின் நின்று செய்யும் வேலையாயிற்று. இம்மாற்றம் சிறியதன்று. ஆனால், அந்த மேடையின் உயரத்தைப் பல வீடுகளில் மேசனும் வீட்டுக்காரருமே முற்றத்தில் நின்று பேசி முடிவு செய்தனர். உள்ளே நின்றவளின் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. முழங்கைக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 10 முதல் 15 சென்ரிமீற்றர் தாழ மேடை அமைவது நலம். தொட்டியின் அடி இன்னும் ஆழத்தில் இருப்பதால் அதன் விளிம்பு சிறிது உயர்ந்திருப்பது நலம். இதனை அறியப் பெருங் கல்வி தேவையில்லை, கேட்டால் போதும். தேசிக்காய்ச் சாறும் புளியும் வினாகிரியும் சீமெந்து மேடையை அரிக்கும் என்பதையும், மஞ்சள் அதிற் கறையாய் ஊறும் என்பதையும் அவளே முதலில் அறிவாள். மெழுகோ வேறு பூச்சோ இட்டுக் காக்கவேண்டும் என்பதைச் சொல்லவும் அவளுக்கே தகுதி உண்டு.

தோட்டக்காரர் மொனியர் தொட்டி சுமந்ததனாலே தொட்டியின் குறையை அறிந்தார். குடியேறிகள் வீடற்றிருந்ததனாலே வீட்டின் தேவையை அறிந்தனர். பொருளின் குறையை முதலில் அறிபவர், அதனோடு உழைப்பவரே. அந்த அறிவுக்கு அளவுகோலைக் கொடுப்பது, நாம் இவ்வரலாற்றிலிருந்து கற்கும் முதற் பாடம். இரண்டாவது பாடம் பிராங்பேர்ட் கற்பித்தது: எத்துணை நுட்பமாக அளந்து அமைத்தாலும், ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய மேடை ஒருவரையே கட்டிவைக்கும். ஆகவே, இனி ஒரு வீட்டிலே மேடை வார்க்கப்படுமாயின், அச்சு அடிப்பதற்குமுன் அங்கு உழைப்பவளிடம் உயரத்தைக் கேட்போம். பின்னர், அவளருகே இன்னொருவரும் நிற்க இடம் விட்டு வார்ப்போம். அந்த இடத்தில் வந்து நிற்கவேண்டியவர் யார் என்பதை ஆண்களாகிய நாம் அறியாதவர்கள் அல்லர்.